இரண்டு பிறை

மூன்றாம் பிறை தெரிகிற சாயங்காலத்தில் நான் யாரோடும் பேசுவதில்லை. மொட்டை மாடிக்குப் போய் மேற்கே பார்த்து நிற்பேன். பிறை கண்ணில் பட்டதும் கும்பிட்டுவிட்டு, வேறு எதையும் பார்க்காமல் திரும்பி என் வீட்டுக்காரர் முகத்தைப் பார்ப்பேன். அதற்கப்புறம்தான் வாயைத் திறப்பேன். சிலர் பிறையைப் பார்த்ததும் தங்கத்தைப் பார்ப்பார்கள். சிலர் உள்ளங்கையைப் பார்த்துக்கொள்வார்கள். எனக்கு அவர் முகம்.

இதை எனக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. கல்யாணமான புதிதில் அவருக்கு மஞ்சள் காமாலை வந்து, பிழைப்பது கஷ்டம் என்று எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள். ஒரு நாள் பொழுது சாயும்போது சன்னல் வழியாகப் பிறை தெரிந்தது. அதைப் பார்த்த கண்ணோடு அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் திறந்து கஞ்சி கேட்டார். அன்றைக்குப் பிடித்துக்கொண்டேன். அமாவாசைக்குக் காக்காவுக்குச் சோறு வைப்பதையும், பௌர்ணமிக்கு வாசலில் சூடம் கொளுத்துவதையும் உடம்பு முடியாமல் எப்போதாவது விட்டதுண்டு. மூன்றாம் பிறையை மட்டும், மேகம் மூடினால் தவிர, விட்டதில்லை. விட்டால் அவருக்கு ஏதாவது ஆகிவிடும். பக்தி என்று வெளியே சொல்லிக்கொள்வேன். உள்ளே பயம்தான்.

எனக்குப் படிப்பு கம்மி. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஆனால் அமாவாசை என்றைக்கு, சஷ்டி என்றைக்கு என்று தெருவில் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். காலண்டர் பார்க்காமல், ராத்திரி வானத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். பி.ஏ. படித்த என் மருமகள்கூட விரதத்துக்கு என்னைத்தான் கேட்பாள். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும்.

விருத்தாசலத்தில் எங்களைப் போலப் பல குடும்பத்துக்கும் பீங்கான்தான் சோறு. அவருக்குச் சூளை அடுக்குகிற வேலை. எனக்குப் பிசிறு தேய்க்கிற வேலை. அச்சிலிருந்து எடுத்த பொம்மையில் இரண்டு பாதியும் சேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்கும். காய்ந்ததும் அதைத் தேய்த்து மழுக்க வேண்டும். நான் தேய்த்த பொம்மையில் கோடு எங்கே இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

போன வருஷம் மழைக்காலத்தில் அவருக்கு இருமல் தொடங்கியது. தை பிறந்தும் நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டால், "மண்ணு மாவு தொண்டையில ஒட்டியிருக்குது. சூடா ஒரு டீ குடிச்சா எறங்கிடும்" என்பார். டீயும் குடித்தார். இருமலும் இருந்தது.

மாசி மாத மூன்றாம் பிறைக்கு மாடியில் நின்றேன். அவர் பக்கத்தில் தண்ணீர்த் தொட்டியில் சாய்ந்து நின்றார். புளியமரத்துக்கு மேலே பிறை வந்தது. கும்பிடப் போன கை அப்படியே நின்றுவிட்டது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு பிறை. கீழே இருப்பது பளிச்சென்று, மேலே இருப்பது சற்று வெளுத்து.

கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன். இரண்டுதான்.

"என்னாடி, தெரிஞ்சிச்சா?"

தலையை ஆட்டினேன்.

"அப்ப என் மூஞ்சியப் பாத்துட்டு எறங்கு. கொசு புடுங்குது."

பார்த்தேன். மனம் பார்க்கவில்லை. 

யாரிடமும் சொல்லவில்லை. நாள் கேட்டு வருகிறவர்களிடம் எனக்கு இரண்டு நிலா தெரிகிறது என்றா சொல்வேன்? நானே அர்த்தம் தேடினேன். மேலே வெளுத்து நின்றது நாலாம் பிறையோ, பார்க்கக் கூடாதது முன்னாலேயே வந்து நின்றுவிட்டதோ என்று நினைத்தேன். அதைவிட மோசமான நினைப்பும் வந்தது. ஒரே பிறை இரண்டாகப் பிரிந்திருக்கிறது என்றால், ஒன்றாக இருந்த நாங்கள் பிரியப்போகிறோம். வெளுத்தது அவர்.

அதற்கப்புறம் அவர் இருமினால் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிட்டு இருமல் நிற்கிறவரை நிற்பேன். நல்லூரில் ஒரு துக்க வீட்டுக்கு அவரைப் போக விடவில்லை. சண்டை போட்டேன். வெள்ளாற்றுப் பாலம் தாண்டுகிற பஸ்ஸில்கூட ஏற விடவில்லை.

"என்னாத்துக்கு இப்பிடிக் கோழி குஞ்ச மூடுறாப்புல மூடுற? காலையில கக்கூஸுக்குப் போவலாமா, அதுக்கும் உங்கிட்டக் கேக்கணுமா?"

"போயிட்டுச் சீக்கிரம் வாங்க."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

வேலையிலும் எல்லாம் கோணலாகப் போனது. பொம்மைகளில் கோடு இரட்டையாகத் தெரிந்தது. அச்சு தேய்ந்துபோய்விட்டது என்று சூப்பர்வைசரிடம் சத்தம் போட்டேன். அவன் பொம்மையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "அச்சு நல்லாத்தான் இருக்குதும்மா" என்றான். "நீ எத்தினி வருஷமா பாக்குற? எனக்குத் தெரியாதா?" என்று வாயை அடைத்துவிட்டேன்.

பங்குனிப் பிறை வந்தது. அன்று நான் மாடிக்குப் போகவில்லை. அடுப்படியில் சும்மா பாத்திரத்தைத் துலக்கிக்கொண்டிருந்தேன். பார்த்தாலும் பயம், பார்க்காவிட்டாலும் பயம். மேலே இருந்து அவர் கூப்பிட்டார்.

"பொறை வந்துடுச்சி. வா."

"எனக்கு வேல இருக்குது."

பிறகு படியில் அவர் செருப்புச் சத்தம். அடுப்படி வாசலில் வந்து நின்றவரால் உடனே பேச முடியவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"காமாலைல கெடந்தவன மொறச்சி மொறச்சிப் பாத்தே பொழைக்க வச்சவ நீ. இன்னைக்கு வேலயாமா? என்னா ஆச்சி, சொல்லு."

சொல்லிவிட்டேன். நிலா இரண்டானதையும், அதற்கு நான் கண்ட அர்த்தத்தையும். அழுகை வரவில்லை. அவர் சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. கையைப் பிடித்து மாடிக்கு ஏற்றினார். பாதிப் படியில் அவரும் நின்றார், நானும் நின்றேன்.

"எத்தினி தெரியுது?"

"ரெண்டு."

மண்ணு வாசம் அடிக்கிற உள்ளங்கையால் என் வலது கண்ணைப் பொத்தினார். "இப்ப?"

"ரெண்டு."

இடது கண்ணைப் பொத்தினார். பிறை ஒன்றானது. ஆனால் அதுவும் தெளிவாக இல்லை. எண்ணெய்க் கையால் சுவரில் இழுத்துவிட்ட மாதிரி கலங்கித் தெரிந்தது.

"வானத்துல ஒண்ணும் கோளாறு இல்லடி. உன் கண்ணுல பொரை."

இரட்டைக் கோடு ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் முகத்தில் எப்படி முழிப்பது என்று அப்போதும் எனக்கு அந்த யோசனை.

மகன் பாண்டிச்சேரியில் இருக்கிற ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான். இரண்டு கண்ணிலும் புரை, இடது கண்ணை முதலில் செய்யலாம் என்றார்கள். கொடுத்த நாள் தேய்பிறை. வளர்பிறையில் வைக்கச் சொல்லி நர்ஸ் பெண்ணிடம் கேட்டேன்.

"அம்மா, நாங்க வளர்பிறை தேய்பிறை பாக்குறதில்லீங்க. கட்டில் காலியா இருக்கான்னுதான் பாக்குறோம்."

"என் கண்ணு போனா?"

"போறதுக்கா வந்திருக்கீங்க? படுங்க."

படுத்தேன். பயத்தில் குலதெய்வத்தின் பேர்கூட வாயில் வரவில்லை. அவர் முகம்தான் வந்தது. அதுவும் இளவயது முகம்.

கட்டு அவிழ்த்து, கறுப்புக் கண்ணாடி போட்டு ஊருக்கு வந்தேன். தூசியும் புகையும் ஆகாது என்று பக்கத்துத் தெருவில் மகன் வீட்டு உள்ளறையிலேயே என்னை வைத்திருந்தார்கள். அவர் சூளை வேலைக்குப் போய்விட்டு வந்து, மேலெல்லாம் மாவாக இருக்கிறது என்று வாசலில் நின்றபடியே இரண்டு வார்த்தை கேட்டுவிட்டுப் போவார். இருமல் சத்தம் மட்டும் தெருமுனை வரைக்கும் கேட்கும்.

அடுத்த மூன்றாம் பிறைக்கு எங்கள் வீட்டுக்குத் திரும்பினேன். வெளிச்சம் இருக்கும்போதே மாடிக்குப் போனோம். கண்ணாடியைக் கழற்றினேன். புளியமரத்தின் இலை தனித்தனியாகத் தெரிந்தது. அதற்கு மேலே ஒரே ஒரு பிறை, நகத்தை வெட்டிப் போட்ட மாதிரி. இவ்வளவு மெல்லிசா என்று ஆச்சரியமாக இருந்தது. மனதிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது. கும்பிட்டேன். வழக்கம்போல அவர் முகத்தைத் திரும்பிப் பார்த்தேன்.

கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தது. கழுத்தெலும்புக்கு மேலே குழி. ஒவ்வொரு மூச்சுக்கும் அந்தக் குழி உள்ளே இழுத்து வெளியே வந்தது. உதடு நாவல்பழம் தின்றவர் மாதிரி கறுத்திருந்தது. பிறை பார்க்கக் கூட வந்த மனிதர், நான் பார்த்தபோது பிறையைப் பார்க்கவில்லை. சுவரில் கையூன்றிக் கீழே குனிந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாதா மாதம் பார்த்தேனே, இந்த முகத்தைத்தானே பார்த்தேன் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். கலங்கிய கண்ணுக்கு நான் வைத்திருந்த பழைய முகமே போதுமாக இருந்திருக்கிறது. இந்த இளைப்பு ஒரு மாதத்தில் வந்தது இல்லை.

"என்னாடி அப்பிடிப் பாக்குற?"

"நாளைக்குக் காலையில பெரியாஸ்பத்திரி. நெஞ்சுப் படம் எடுக்கணும். சூளைக்கு இனிமே போவாதீங்க."

பதிலுக்குக் காத்திருந்தேன். கண்ணு தெரிஞ்சதும் டாக்டராயிட்டியா என்பார், டீ போடு என்பார், சூளையை உங்கொப்பனா வந்து அடுக்குவான் என்பார். என்ன சொன்னாலும் சண்டைக்குத் தயாராக இருந்தேன்.

"சரி" என்றார். "போவலாம்."

கல்யாணமான நாளிலிருந்து நான் சொன்ன எதற்கும் அவர் ஒரே வார்த்தையில் சரி சொன்னவர் இல்லை. இரண்டு பிறை பார்த்த அன்றைக்குக்கூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

படி இறங்கும்போது நான் முன்னால் போனேன், விழுந்தால் என்மேல் விழட்டும் என்று. இறங்குகிற படிக்கே அவருக்கு மூச்சு வாங்கியது. நடுவில் உட்கார்ந்துவிட்டார். நானும் ஒரு படி கீழே உட்கார்ந்து அவர் பாதத்தைப் பிடித்துக்கொண்டேன். சில்லென்று இருந்தது.