கைதட்டும் சூனியக்காரி

மெரெத்தே தன் மகளுக்காக உலகத்தையே எதிர்த்து நிற்கத் தயாராக இருந்தாள். உலகம் சண்டைக்கு வரவே இல்லை என்பது வேறு விஷயம்.

கல்யாணத்துக்கு முன்பும் பின்பும் அவள் ஒரு பல் மருத்துவமனையில் குழந்தைகளுக்குப் பல் சுத்தம் செய்துகொண்டிருந்தவள். வாயைத் திறந்த குழந்தைக்கு ஒரு கைதட்டு, திறக்காத குழந்தைக்கு ஊக்கமாக ஒரு கைதட்டு, விரலைக் கடித்த குழந்தைக்கும் அதன் துணிச்சலைப் பாராட்டி ஒரு கைதட்டு. பிறகு வேலையை விட்டாள். கைதட்டு மட்டும் அவளை விடவில்லை.

வேலையை விட்டதற்குக் காரணம் ஒரு குதிரை. மகள் ரிக்கெ மூன்றாம் வகுப்பில் ஆறு கால் குதிரை ஒன்றை வரைந்தாள். ஆசிரியை இரண்டு காலை அழித்தாள். "அது ஓடுது" என்றாள் ரிக்கெ. "ஓடினாலும் நாலுதான்" என்றாள் ஆசிரியை. அன்று மாலையே மெரெத்தே, தன் மகளின் கற்பனையின் காலை ஒடித்துவிட்டார்கள் என்று கணவன் ட்ரோல்ஸிடம் அறிவித்தாள். காற்றாலைகளின் உச்சியில் ஏறிப் பழுது பார்க்கும் ட்ரோல்ஸ், தரையில் நடக்கும் எதிலும் தலையிடாதவன். "சரி" என்றான். மறுவாரம் ரிக்கெயின் பள்ளிக்கூடம் சாப்பாட்டு அறைக்கு இடம் மாறியது.

டென்மார்க்கில் இது பெரிய குற்றமில்லை. பிள்ளையை வீட்டில் படிக்கவைக்கிறோம் என்று நகராட்சிக்குச் சொன்னால் போதும். வருடம் ஒருமுறை ஒருவர் வருவார், காபி குடிப்பார், பிள்ளை தேறுகிறதா என்று பார்ப்பார், போவார். மெரெத்தே சொன்னதோடு நிற்கவில்லை. "எங்கள் வீட்டில் முதல் பாடம் படைப்பாற்றல்" என்று கையெழுத்துப் போட்டு எழுதியும் கொடுத்தாள். யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை.

முதல் பாடம் மும்முரமாக நடந்தது. சாப்பாட்டு அறைக்குப் படைப்பறை என்று பெயர். புதன்கிழமை காலை கட்டுப்பாடற்ற கற்பனை, பத்து மணிக்குச் சரியாகத் தொடங்கும். தாமதமாக வந்தால் முகம் சுளிப்பு உண்டு. பதினொரு வயதில் ரிக்கெ களிமண்ணில் ஒரு தவளை செய்தாள். பெரிய நோக்கம் எதுவும் இல்லை, கையில் களிமண் இருந்தது. மெரெத்தே கைதட்டினாள். படம் எடுத்தாள். வீட்டுக்கல்வித் தாய்மார்கள் குழுவில் போட்டாள். அடுத்த மாதம் முழுக்க அந்த வீட்டில் தவளைதான்: தவளையின் பிறப்பு, தவளைக் கணக்கு, உலக மதங்களில் தவளை, தவளையே போடாத தவளை சூப். மாதக் கடைசியில் ரிக்கெ களிமண்ணைத் தோட்டத்துக்குக் கொண்டுபோய்ப் புதைத்தாள். அந்த அடக்கத்தையும் மெரெத்தே படம் எடுத்தாள்.

அதற்குப் பிறகு அந்தப் பெண் எதையும் செய்து யாரும் பார்க்கவில்லை. கணக்குப் போட்டாள், படித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். பதினான்கு வயதில் ஒரு நல்ல குமாஸ்தாவைப் போல ஆகியிருந்தாள்.

மார்ச் மாதம் நகராட்சி சார்பில் பிரெபென் வந்தார். ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார், மெலிந்த மனிதர், எதையும் மெதுவாக மடித்து வைப்பவர்.

"இந்த வருஷம் நீயா எதாச்சும் செஞ்சியா, ரிக்கெ?"

"இல்ல."

"ஒண்ணுமேயா?"

"ஒண்ணுமே."

மெரெத்தே மகளின் நேர்மைக்குக் கைதட்டினாள். பிரெபென் கண்ணாடியைக் கழற்றி மடித்தார்.

"கணக்கு தேறுது, மொழி தேறுது. ஆனா முதல் பாடம் படைப்பாற்றல்னு நீங்கதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. முதல் பாடத்துலயே பூஜ்யமா இருந்தா நான் என்ன பண்றது? ஜூன்ல திரும்ப வரேன். அப்பவும் இப்படியே இருந்தா ஆகஸ்டுலேர்ந்து பிள்ளை பள்ளிக்கூடம் போகணும்."

மெரெத்தேவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போனது. ஏப்ரலில் படைப்பு நேரத்தை இரட்டிப்பாக்கினாள். மே மாதம் ரிக்கெ மத்தியானங்களில் காணாமல் போக ஆரம்பித்தாள். அவளோடு சேர்ந்து வீட்டுச் சாமான்களும்.

முதலில் பேட்டரியில் ஓடும், மாவு அடிக்கும் மிக்சர். பிறகு பழைய சைக்கிளின் சங்கிலி. பிறகு மெரெத்தேவின் மஞ்சள் மழைக்கோட்டு. பிறகு அவளுடைய கயிறு கோத்த படிப்புக் கண்ணாடி. ஒரு மழைநாளில் ட்ரோல்ஸ் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டியபடி கார் ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். வைப்பர் மோட்டாரைக் காணவில்லையாம்.

"யாரோ திருடிட்டாங்க" என்றான், தலையைத் துவட்டிக்கொண்டே.

"நம்ம ஊர்லயா? வைப்பர் மோட்டாரையா?" என்றாள் மெரெத்தே. அவள் மனதுக்குள் கூட்டிப் பார்த்தாள். மிக்சர், மழைக்கோட்டு, மோட்டார்; பெண் சாமான்களை விற்றுக் காசு சேர்க்கிறாள். மழைக்கோட்டு போகிற வழிக்கு. ஓடிப்போகப் போகிறாள்.

பக்கத்துப் பன்றிப் பண்ணைக்காரன் வெர்னரின் கொட்டகைப் பக்கம் மகளைப் பார்த்ததாகச் சேதி வந்தது. மெரெத்தே நேராக அவனிடமே போய்க் கேட்டாள்.

"ரிக்கெ இங்க எதுக்கு வர்றா, வெர்னர்?"

வெர்னர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தான். அந்த வசந்தத்தில் அவனுக்கு இடுப்புப் பிடித்திருந்தது ஊருக்கே தெரியும். "பன்னியப் பாக்க."

"தினமுமா?"

"நல்ல பன்னிங்க" என்றான் வெர்னர். "யாரு என்ன செஞ்சாலும் கண்டுக்காதுங்க. அது ஒரு சுகம்."

அன்று மாலை மெரெத்தே மகளின் அறை வாசலில் நின்றாள். "ரிக்கெ, உனக்குப் பள்ளிக்கூடம் போகணும்னு இருக்கா? மனசுல இருக்கறதச் சொல்லு. நான் கோச்சுக்க மாட்டேன்."

"தெரியல."

"என்ன தெரியல?"

"நீ என்ன சொல்லச் சொல்றேன்னு தெரியல."

கைதட்டப் போன கைகள் பாதி வழியில் நின்றன. இதற்குக் கைதட்ட முடியாது என்பது மெரெத்தேவுக்கே தெரிந்தது. அவள் படியிறங்கிப் போய்ப் படைப்பறையில் உட்கார்ந்து, ஒரு தாய் செய்யக்கூடாத காரியத்தைச் செய்யத் தொடங்கினாள். நீர்வண்ணத்தில் கடல் வரைந்தாள். கடலுக்கு மேலே கடற்காகங்கள் வரைந்தாள். கொஞ்சம் சிறுபிள்ளைத்தனமாக இருக்கட்டும் என்று இடது கையால் வரைந்தாள். அந்த அக்கறைக்குத் தேவையே இருக்கவில்லை.

பிரெபென் வந்தது ஜூன் இருபத்து மூன்றாம் தேதி காலை. அன்று சாயங்காலம் கரையோரம் முழுக்கத் தீ மூட்டி, உச்சியில் வைக்கோல் சூனியக்காரியை வைத்து எரிக்கும் நாள். ஊரில் எல்லோரும் விறகு சேர்த்துக்கொண்டிருக்க, மெரெத்தே மிக்சர் இல்லாத வீட்டில் கையாலேயே கிரீம் அடித்து, ஸ்ட்ராபெரி வைத்த அடுக்குக் கேக்கைத் தயாராக்கியிருந்தாள். தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

பிரெபென் ஒரு துண்டு சாப்பிட்டார். நாப்கினை மடித்தார். மேஜையில் பரப்பியிருந்த கடலையும் கடற்காகங்களையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"இது யாரு வரைஞ்சது?"

"ரிக்கெதான். அவளுக்குக் கடல்னா உசுரு" என்றாள் மெரெத்தே. குரல் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது.

பிரெபென் ரிக்கெயைப் பார்த்தார். ரிக்கெ படங்களைப் பார்த்தாள். மகள் ஆமாம் என்று சொன்னால் அவளும் பொய்க்காரி. இல்லை என்று சொன்னால் ஆகஸ்டில் பள்ளிக்கூடம். ஆமாம் சொல்லு, ஆமாம் சொல்லு என்று மெரெத்தேவின் கால் மேஜைக்கு அடியில் துடித்தது. இத்தனை வருடமாக உண்மையைச் சொல்லு, உண்மையைச் சொல்லு என்று அவள் வளர்த்த பிள்ளை.

"நான் வரையல" என்றாள் ரிக்கெ. "அம்மா வரைஞ்சது. எனக்குக் கடற்காகம் வரையத் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது."

பிரெபென் முள்கரண்டியைத் தட்டின் ஓரத்தில் நேராக வைத்தார். "மெரெத்தே, இது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா இதுக்கு மேல நான் எழுத வேற எதுவும் இல்ல."

மெரெத்தேவின் முகம் அவள் அடித்த கிரீம் போல வெளுத்தது. ரிக்கெ அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். எதையோ நிறுத்துப் பார்ப்பவள் போல உதட்டைக் கடித்தாள்.

"வெர்னர் கொட்டகையில ஒண்ணு இருக்கு" என்றாள். "நீங்க வந்து பாக்கலாம். அம்மா வேண்டாம்."

"அம்மா வராம நான் பாக்க முடியாதும்மா. பெத்தவங்க கூட இருக்கணும்னு விதி."

"அப்ப ஒரு விதி நானும் சொல்றேன். ரெண்டு கையையும் பாக்கெட்டுல வச்சுக்கிட்டுத்தான் வரணும். வெளிய எடுக்கவே கூடாது."

இப்படித்தான் மெரெத்தே, கைது செய்யப்பட்டவளைப் போல இரண்டு கைகளையும் மேல்சட்டைப் பைகளில் திணித்துக்கொண்டு, ஒரு முன்னாள் கணக்கு வாத்தியாருக்குப் பின்னால் வயல் வரப்பைக் கடந்தாள். பண்ணை முற்றத்தில் வெர்னரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு சேர்ந்துகொண்டான்.

கொட்டகையில் ஏதோ ஒன்று சாக்குத்துணி போர்த்தி நின்றுகொண்டிருந்தது. வருடா வருடம் ஊருக்குச் சூனியக்காரி செய்வது வெர்னரின் பொறுப்பு. ஒரு பழைய பாவாடை, ஒரு மூட்டை வைக்கோல், ஒரு துடைப்பம். பத்து நிமிட வேலை. இந்த வருடம் இடுப்புக்காக வேலையை ரிக்கெயிடம் விட்டிருந்தான்.

ரிக்கெ துணியை இழுத்தாள்.

சூனியக்காரி மஞ்சள் மழைக்கோட்டு போட்டிருந்தாள். மூக்கின் நுனியில் கயிறு கோத்த படிப்புக் கண்ணாடி. உதடுகள் எதையோ பாராட்டப் போகும் தருவாயில் விரிந்திருந்தன. ரிக்கெ அதன் காலடியில் இருந்த பேட்டரியில் கம்பியைச் சொருகினாள். மிக்சர் முனகியது. சூனியக்காரியின் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது. பிறகு இரண்டு மரக் கைகள் மெல்ல எழுந்து, டப், டப், டப் என்று தட்டத் தொடங்கின.

பிரெபென் சூனியக்காரியைப் பார்த்தார். மெரெத்தேவைப் பார்த்தார். கண்ணாடியை மடிக்க மறந்துபோனார். வெர்னர் பன்றிகள் இருந்த பக்கம் திரும்பிக்கொண்டான்.

"வைப்பர் மோட்டார் இவ்வளவு மெதுவா சுத்தாதே" என்றார் பிரெபென், மழைக்கோட்டுக்குள் எட்டிப் பார்த்து.

"சின்னச் சக்கரத்துக்குப் பதினொரு பல்லு, பெருசுக்கு நாப்பத்தி நாலு. நாலுல ஒரு பங்கு வேகம். இன்னும் வேகமா வச்சா கோவமா தட்டற மாதிரி இருக்கு. அம்மா கோவமா தட்ட மாட்டாங்க."

"கை மேல போறப்ப ஏன் மெதுவா, கீழ வர்றப்ப வேகமா?"

"ஸ்பிரிங். ஆசையா தட்டறவங்க அப்படித்தான் தட்டுவாங்க. ரொம்ப நாள் பாத்தேன்."

பிரெபென் மெரெத்தேவின் பக்கம் திரும்பினார். "அம்மா என்ன சொல்றீங்க?"

ரிக்கெ அப்படியே நின்றாள். அவள் தோள்கள் காது வரைக்கும் ஏறியிருந்தன; களிமண்ணைப் புதைத்த அன்றைக்கு இருந்தது போல. மெரெத்தேவின் பைக்குள் விரல்கள் ஒன்றையொன்று தேடின. அற்புதம் என்று ஒரு சொல் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அதைச் சொன்னால் இந்தச் சூனியக்காரி இன்னொரு தவளை ஆகிவிடுவாள். அவள் அந்தச் சொல்லை விழுங்கினாள். வலித்தது. விழுங்கிவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாகத் தன் மகள் செய்த ஒரு பொருளைக் கண்ணால் பார்த்தாள்.

"இடது கை பிந்துது" என்றாள்.

"என்ன?"

"வலது கை வந்து நிக்குது. இடது கொஞ்சம் கழிச்சு வருது. நான் அப்படித் தட்ட மாட்டேன்."

ரிக்கெ குனிந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். தோள்கள் இறங்கின. "சங்கிலி தொய்ஞ்சிருக்கு" என்றாள். "ரெண்டு வாரமா என்னன்னே தெரியாம இருந்தேன். இங்க பிடி. இல்ல, கைய எடுக்கலாம். ஆனா பிடிக்க மட்டும்தான்."

மெரெத்தே புழுதியில் மண்டியிட்டுச் சங்கிலியைப் பிடித்தாள். மகள் திருகினாள். "விடு. இப்ப பிடி. அவ்வளவு இழுக்காத, அம்மா, இது பல்லு இல்ல." வெர்னர் ஸ்பேனரை நீட்டினான். பிரெபென் ஒரு வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரை எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

"கடற்காகம் இனிமே வரையாதீங்க, மெரெத்தே" என்றார் எழுந்தபடி. "யாருக்காகவும். பிள்ளை வீட்டுலயே இருக்கட்டும். அடுத்த வருஷம் வரேன்." வாசல் வரை போய்த் திரும்பினார். "அந்தக் கேக் இன்னும் மிச்சம் இருக்கா?"

சாயங்காலம் கரையில் ஊரே கூடியிருந்தது. வெயில் இன்னும் தண்ணீரின் மேல் கிடந்தது, தூறலும் சேர்ந்து விழுந்தது. விறகுக் குவியலின் முன்னால் சூனியக்காரி தலையாட்டிக் கைதட்டினாள். ஊர் மெரெத்தேவைப் பார்த்தது, சூனியக்காரியைப் பார்த்தது, மறுபடி மெரெத்தேவைப் பார்த்தது, விழுந்து விழுந்து சிரித்தது, கைதட்டியது. பிறகு வெர்னர், ரப்பரும் மோட்டாரும் எரித்தால் தீயணைப்புக்காரர்கள் தன்னை எரித்துவிடுவார்கள் என்று சொல்லி, மழைக்கோட்டையும் மிக்சரையும் மற்றதையும் கழற்றச் சொன்னான். வைக்கோலும் மரக் கைகளும் மட்டும் உச்சிக்கு ஏறின. தீ மூட்டினார்கள்.

ட்ரோல்ஸ் தன் வைப்பர் மோட்டாரைக் கைக்குழந்தை போல அணைத்துக்கொண்டு வந்து நின்றான். மழைக்கோட்டு திரும்பக் கிடைத்த மெரெத்தே அதைப் போட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு கைகளும் பைக்குள்.

"எல்லாரும் தட்டறாங்க" என்றான் அவன். "நீ தட்டலையா?"

"பேசாம இரு" என்றாள் மெரெத்தே, தீயிலிருந்து கண்ணை எடுக்காமல். "இடது தோள்ல வைக்கோல் கம்மி. ரிக்கெகிட்டச் சொல்லணும்."