நாற்பத்தொரு கண்ணாடிக்கு ஒரு பொன்னாடை

நான் தோற்ற பேச்சுப் போட்டிகள் மூன்றே மூன்று. வென்றவை எத்தனை என்று கேட்டால் எங்கள் வீட்டு அலமாரியைத்தான் காட்டவேண்டும். கோப்பைகளுக்கு இடம் போதாமல் அம்மா அவற்றில் இரண்டை எடுத்துக் கரண்டி போட்டு வைத்திருக்கிறார். இதைத் தற்பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதுவதுதான் மரபு. நான் தற்பெருமைக்காகத்தான் சொல்கிறேன். உழைத்துப் பெற்ற பெருமையை ஒளித்து வைப்பானேன்?

ஆயினும் நான் மிக முழுமையாக வென்ற விவாதம் எந்தக் கல்லூரி மேடையிலும் நடந்ததன்று. அது கடலூரில், ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் லென்ஸ் தேய்க்கும் அறையில், ஒரு மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதற்காக நடந்தது. அந்த வெற்றி எனக்குத் தேடித்தந்த தலைகுனிவை மூன்று தோல்விகளும் சேர்ந்துகூடத் தந்ததில்லை.

ஆண்டு இரண்டாயிரத்து எட்டு. திருப்பாதிரிப்புலியூரில் இருந்த அந்தக் கடையில் கணினி பார்க்கும் வேலையில் நான் சேர்ந்து ஓராண்டு ஆகியிருந்தது. அதே முதலாளிக்குச் சிதம்பரம் மேலவீதியில் ஒரு கிளை இருந்தது. கிளையைக் கவனித்தவன் என் கல்லூரித் தோழன். நான் மேடையில் முழங்கியபோதெல்லாம் முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டியவன். ஒரே ஒருமுறை அவனை மேடையேற்றினோம். "அவைத்தலைவர் அவர்களே" என்று விளித்துவிட்டு, அத்தோடு நன்றி கூறி இறங்கிவந்தான்.

கடைகள் இரண்டும் ஒரே முதலாளியுடையவை. அவற்றின் கணினிகளோ ஒன்றையொன்று அறியாதவை. கடலூரில் கறுப்புத் திரையில் ஓடும் பழைய நிரல். சிதம்பரத்தில் எக்செல் தாள்கள். லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் கடலூரில் மட்டுமே இருந்ததால், சிதம்பரத்தில் கண் பரிசோதித்துக் கொண்டவரின் பவர் விவரம் அச்செடுக்கப்பட்டு, உறையில் இடப்பட்டு, பேருந்து நடத்துநரின் தோள்பையில் கடலூர் வந்து சேரும். நான் அதை மறுபடி தட்டச்சு செய்வேன். அப்படிச் செய்த ஒரு நாளில்தான், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்குரிய கூட்டல் குறியைக் கழித்தல் குறியாக்கினேன்.

"எழுத்தெல்லாம் எறும்பாட்டம் ஊறுதுய்யா! இத போட்டுக்கிட்டு நான் பேப்பரு படிக்கிறதா, பேப்பர அடிக்கிறதா?" என்று அவர் கடைக்குள் நின்று முழங்கியதற்கு, எங்கள் அலமாரிக் கோப்பைகளில் ஒன்றைத் தாராளமாகக் கொடுத்திருக்கலாம்.

அன்று மாலையே முதலாளி முடிவெடுத்தார். சிதம்பரத்துக்குப் போன் போட்டு, நானும் கேட்கும்படி உரக்கச் சொன்னார்.

"பொங்கலுக்குள்ள ரெண்டு கடை டேட்டாவும் ஒன்னா சேரணும். யாரு எந்தக் கடையில வந்து நின்னாலும் அவுங்க பவரு ஸ்கிரீன்ல தெரியணும். இல்லன்னா சிதம்பரத்த மூடிடுவேன். கூட்டம் எல்லாம் இங்கயே வரட்டும்."

கூட்டம் கடலூருக்கு வரலாம். என் தோழன் வர இயலாது. கடலூர்க் கடையில் அவனுக்கு இடமில்லை. கிளை மூடப்பட்டால் சென்னைக்கோ அதற்கு அப்பாலோதான் அவன் போகவேண்டும். அவனுக்குத் திருமணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மனைவிக்குக் கீரப்பாளையத்தில் பள்ளி ஆசிரியை வேலை. மறுநாள் காலை என்னை அழைத்தான்.

"மச்சான், நீ பார்த்து எந்த சாஃப்ட்வேர வேணா எடு. ஆனா வேலை செய்யறத எடு. என் சம்சாரம் இப்பதான் அந்த ஊர்ல பால்காரரோட சண்டை போட்டு சமாதானம் ஆயிருக்கு. மறுபடி வேற ஊர்ல மொதல்லேர்ந்து ஆரம்பிக்க வெக்காத."

இரண்டு நிறுவனங்கள் கடலூர்க் கடைக்கு வந்து தங்கள் மென்பொருளை இயக்கிக் காட்டின. அதைப் பார்க்கத் தோழனும் சிதம்பரத்திலிருந்து வந்திருந்தான். இரண்டு ஊர்ப் பட்டியல்களையும் ஒன்றாக்கும்போது, இங்கே இருப்பவரும் அங்கே இருப்பவரும் ஒரே ஆளா, வேறு ஆளா என்று கண்டறிவதுதான் அந்த வேலையின் உயிர்நிலை. சென்னை நிறுவனத்தின் மென்பொருள் அதற்குத் தொலைபேசி எண்ணை நம்பியது. எண் ஒன்றானால் ஆளும் ஒன்று என்று நொடியில் தீர்ப்பு வழங்கியது. புதுச்சேரியிலிருந்து வந்தது பகட்டில்லாத ஒன்று. பெயர், வயது, எண் அனைத்தையும் ஒப்பிட்டு, சிறிது ஐயம் எழுந்தாலும் அந்தப் பதிவைச் சந்தேகப் பட்டியலில் ஒதுக்கி வைத்தது. மனிதர் ஒருவர் உட்கார்ந்து முடிவு சொன்னால்தான் அது மேலே நகரும்.

எதை எடுப்பது? முதலாளி பட்டிமன்றப் பித்தர். மார்கழியில் எந்தக் கோயிலில் பட்டிமன்றம் நடந்தாலும் முதல் நாற்காலி அவருடையதுதான்.

"பேசிப் பார்த்துடுவோம். நீ சென்னைக்குப் பேசு, அவன் பாண்டிச்சேரிக்குப் பேசட்டும். ஆளுக்கு அஞ்சு நிமிஷம். நான் நடுவர்" என்றார். வாடிக்கையாளர் தட்டி அழைப்பதற்காக மேசைமேல் இருந்த மணியை எடுத்துத் தம் முன்னே வைத்துக்கொண்டார்.

நான் எழுந்தேன். எழுந்தபின் அந்த அறையில் லென்ஸ் தூள் இல்லை, எண்ணெய் வாடை இல்லை. ஆயிரம் பேர் அமர்ந்த அரங்கம்தான் இருந்தது.

"நடுவர் அவர்களே! மனிதனின் பெயர் மாறலாம், ஊர் மாறலாம், முகவரி மாறலாம், முகமே மாறலாம். மாறாதது எது? பத்து இலக்கம்! அந்தப் பத்து இலக்கத்தில் ஒரு மனிதன் அடங்கியிருக்கிறான். சந்தேகத்துக்குப் பட்டியல் போடுவது எதிரணியின் மென்பொருள். சந்தேகத்துக்கே இடம் கொடாதது எங்கள் மென்பொருள். உங்களுக்கு வேண்டியது தயக்கமா, தெளிவா?"

முதலாளி மணியடிக்க மறந்து கைதட்டினார். லென்ஸ் தேய்ப்பவர் மெஷினை நிறுத்திவிட்டுத் தட்டினார்.

என் தோழன் எழுந்தான். சட்டைப் பையிலிருந்த சீட்டை எடுத்தான், விரித்தான், மடித்தான், மறுபடி விரித்தான்.

"சார்... இவன் நல்லாத்தான் பேசறான். எப்பவும் பேசுவான். ஆனா நம்ம ஜனங்க நம்பரு குடுக்குற விதம் ஒன்னு இருக்கு சார். இப்ப பரங்கிப்பேட்டைய எடுத்துக்குங்க. அங்க நம்பருன்னா அது..."

மணி இருமுறை ஒலித்தது. சீட்டோடு போராடியதிலேயே அவனுடைய ஐந்து நிமிடமும் கரைந்துவிட்டிருந்தது.

"நேரம் ஆச்சுப்பா" என்றார் நடுவர். தீர்ப்பு சென்னைக்கு. ஒரு மாதம் சோதனை ஓட்டம், அதன்பின் வாங்குவது. வாசலில் தோழன் என் தோளைத் தட்டி, "ஜெயிச்சிட்ட மச்சான். நானும் ஜெயிக்கிறனான்னு பார்ப்போம்" என்றான். அவன் சொல்லவந்தது என்னவென்று நான் கேட்டிருக்கவேண்டும். வென்றவன் தோற்றவனிடம் வாதம் கேட்பதை எந்த மேடையும் எனக்குக் கற்பிக்கவில்லை.

மூன்று வாரங்கள் எல்லாம் சீராகவே ஓடின. மூன்றாம் வார முடிவில், இரு கடைகளுக்கும் சேர்த்துத் தலைசிறந்த வாடிக்கையாளர் யார் என்று மென்பொருளைக் கேட்டேன். பரங்கிப்பேட்டைக் கடைவீதிக்காரர் ஒருவரைக் காட்டியது. இரண்டே ஆண்டுகளில் நாற்பத்தொரு கண்ணாடிகள்!

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நாப்பத்தொன்னா? வேளைக்கு ஒன்னு போடுவாரோ?"

"ரசிகர் சார். இப்படிப்பட்டவரை நாம் சிறப்பிக்க வேண்டும்" என்றேன். பதிவில் இருந்த எண்ணை அழைத்து, "இது உங்க நம்பர்தானே?" என்று கேட்டேன். "ஆமா, என்னுதுதான்" என்றது கனிந்த ஒரு குரல். அவர் சொன்ன பெயர் மட்டும் பதிவிலிருந்த பெயரிலிருந்து வேறுபட்டது. அது வீட்டில் வழங்கும் பெயராக இருக்கும் என்று எனக்கு நானே தீர்ப்பு வழங்கிக்கொண்டேன். உங்களைச் சிறப்பிக்க வருகிறோம் என்றேன். "தாராளமா வாங்க" என்றார். பொன்னாடை வாங்கினோம். வாழ்த்துரை ஒன்றை எழுதி, அச்சிட்டு, சட்டமும் போட்டேன்.

தோழனிடம், "சனிக்கிழமை பத்து மணிக்குப் பரங்கிப்பேட்டை வந்துவிடு, ஒரு பாராட்டு விழா" என்று மட்டும் சொன்னேன்.

"யாருக்குடா?"

"வந்து பார்."

உரையின் உச்சத்தை முன்கூட்டியே அவிழ்ப்பது பேச்சாளனுக்கு அழகன்று.

ஊரார் பாய் என்றழைத்த அவருடைய கடை சிறியது. ரீசார்ஜ் கார்டுகள், ஒரு தொலைபேசிக் கூண்டு, வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால் காத்திருப்போர் அமர ஒரு பெஞ்சு. முதலாளி பொன்னாடை போர்த்தினார். தெருவே கூடிவிட்டது. கூட்டத்தைக் கண்டதும் நான் வாழ்த்துரையைக் கையில் பிடித்தபடி, அதைப் பார்க்காமலே தொடங்கினேன்.

"பார்வையின் அருமை அறிந்த பெருந்தகையே! ஒருவர் ஒரு கண்ணாடி அணிவார். உயர்ந்தவர் இரண்டு அணிவார். நாற்பத்தொரு கண்ணாடி அணிந்த நாயகரை இந்நாடு கண்டதுண்டா?"

பாய் கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். பிறகு பொன்னாடையைத் தடவிப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"மாஷா அல்லாஹ்! தம்பி, பேச்சு ஜோரு. ஆனா நான் இதுவரைக்கும் கண்ணாடியே போட்டதில்லயே?"

அந்த நேரம் பார்த்துப் பேருந்திலிருந்து இறங்கி வந்து சேர்ந்தான் என் தோழன். பொன்னாடையைப் பார்த்தான், பாயைப் பார்த்தான், என் கையிலிருந்த சட்டத்தைப் பார்த்தான். அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"மச்சான், இங்க ஸ்கூல்ல நாம கண் முகாம் போட்டமே, அப்ப நம்பரு கேட்டா எல்லாரும் பாய் நம்பரத்தான் குடுத்தாங்க. 'கண்ணாடி வந்துட்டா பாய்க்கு ஒரு போன் போடுங்க, அவுங்க சொல்லிடுவாங்க'ன்னு. நம்பருன்னா அது ஆளோடது இல்லடா, தெருவோடது!"

"அதுல ஒன்னு என்னுது" என்று கூட்டத்தில் ஒரு பெரியவர் தம் கண்ணாடியைக் கழற்றிக் காட்டினார். "என்னுதும்" என்றார் ஓர் அம்மா. பிறகு ஆளாளுக்குக் கழற்றிக் காட்டினார்கள். என் நாற்பத்தொரு கண்ணாடி நாயகர், நாற்பத்தொரு பேராக என் முன்னே நின்றார்.

"இத அன்னிக்கே சொல்ல வேண்டியதுதானேடா?" என்றேன்.

"சொல்லத்தான் வந்தேன். மணி அடிச்சிட்டாரு."

முதலாளி சிரிக்கவில்லை. பக்கத்துக் கடையில் வாங்கிய தேநீரைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு, "போதும்ப்பா. ரெண்டு ஊரும் சேராது போல. சிதம்பரத்த மூடிடலாம்" என்றார். என் தோழனின் சிரிப்பு நின்றது. கண்ணாடி துடைக்கும் துணியைப் பையிலிருந்து எடுத்து, துடைக்க எதுவும் இல்லாமல், மடித்து மடித்து வைத்துக்கொண்டிருந்தான்.

"சார், ஒரு நிமிஷம்" என்றேன். என் வாழ்நாளிலேயே மிகச் சிறிய உரையை அங்கே நிகழ்த்தினேன். "தப்பு சாஃப்ட்வேரோடது இல்ல, என்னுது. நம்பரு ஒன்னா இருந்தா ஆளும் ஒன்னுன்னு சொன்னவன் நான். பாண்டிச்சேரி சாஃப்ட்வேர் இவ்ளோ பேரையும் சந்தேகப் பட்டியல்ல வெச்சிருக்கும். அன்னிக்கு இவன் சொல்ல வந்ததுதான் சரி. பொங்கலுக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கு. அத ஓட்டிப் பார்ப்போம்."

அடைமொழி இல்லை, உவமை இல்லை, அடுக்குமொழி இல்லை. எதிரணிக்காக நான் பேசிய முதல் பேச்சும் அதுவே.

"அந்தப் பட்டியல யாரு உக்காந்து பார்க்கறது? எந்தப் பேரு எந்த ஆளுன்னு யாருக்குத் தெரியும்?" என்றார் முதலாளி.

"நான் பார்க்கிறேன் சார்" என்றான் தோழன்.

"எனக்குத் தெரியும்" என்றார் பாய், பொன்னாடைக்குள்ளிருந்து.

அடுத்த மூன்று நாட்கள் சிதம்பரம் கடையில் தொலைபேசி ஓயவில்லை. திரையில் புதுச்சேரி மென்பொருளின் சந்தேகப் பட்டியல், நான் பெயரை வாசிப்பேன், தோழன் போனில் கேட்பான், ஒலிபெருக்கியில் பாயின் குரல் வரும்.

"பாய், பதினொரு வயசு, மைனஸ் ரெண்டு."

"அது மீன் ஏலக்காரரு பொண்ணு. போர்டு தெரியலன்னு அழுவும். இப்ப கிளாஸ்ல மொத பெஞ்சுல உக்காந்து எல்லாரையும் மாட்டி வுடுது."

"அதே பேர்ல இன்னொன்னு, அறுபது வயசு."

"அது அவுங்க நன்னி, அம்மாவப் பெத்தவங்க. ஒரே பேருதான். சேத்துடாதீங்க, ரெண்டும் ஒன்னையொன்னு ஒத்துக்காது."

பரங்கிப்பேட்டை முடிந்ததும் கம்மாபுரம் முகாமில் ஒரு தேநீர்க்கடை எண், கீரப்பாளையத்தில் ஒரு டிராக்டர்காரர் எண். ஒவ்வோர் எண்ணுக்குப் பின்னாலும் ஒரு தெரு இருந்தது. ஒவ்வொரு தெருவிலும் எல்லாரையும் அறிந்த ஒருவர் இருந்தார். நான்காம் நாள் இரு கடைப் பதிவுகளும் ஒன்றாயின.

போகிக்கு முந்தைய நாள் அந்தத் தலைமையாசிரியர் கடலூர்க் கடைக்கு வந்தார். அவர் கடைசியாகக் கண் பரிசோதித்துக்கொண்டது சிதம்பரத்தில். உறை இல்லை, நடத்துநர் இல்லை, தட்டச்சும் இல்லை. முதலாளியே எழுந்துவந்து என் தோளுக்கு மேலே குனிந்து நிற்க, பெயரைச் சொன்னதும் திரையில் அவருடைய பவர் வந்தது. கூட்டல் குறி கூட்டல் குறியாகவே இருந்தது.

"இந்த வாட்டியாவது எழுத்து ஊறாம நிக்குமா?" என்று கேட்டார் தலைமையாசிரியர்.

முதலாளி மேசைக்குத் திரும்பினார். மணியை எடுத்து இருமுறை தட்டினார். பிறகு சிதம்பரத்துக்குப் போன் போட்டு, "கடை இருக்கட்டும்ப்பா. பொங்கலுக்கு வாசல்ல நல்ல கோலமா போடச் சொல்லு" என்றார். மறுமுனையில் என் தோழன் ஏதோ நன்றியுரை தொடங்கினான். "முதலாளி அவர்களே" என்பதோடு நின்றுவிட்டது. இம்முறை அதுவே போதுமானதாக இருந்தது.

பொங்கல் கழிந்து அவனும் நானும் பாய் கடைக்குப் போனோம். ரீசார்ஜ் கார்டைச் சுரண்டிவிட்டு எண்ணைப் படிக்க அவர் கையை முழு நீளத்துக்கு நீட்டுவதைத் தோழன் பொன்னாடை நாளிலேயே கவனித்திருக்கிறான். அங்கேயே பெஞ்சில் உட்காரவைத்துப் பரிசோதித்தான். அந்த எண்ணுக்குரிய நாற்பத்திரண்டாவது ஆளாகப் பாயும் பதிவானார். வேறு எந்த எண்ணைக் கொடுப்பது என்று அவர் கொஞ்சம் யோசிக்கத்தான் செய்தார்.

கண்ணாடி வந்ததும் அதை மாட்டிக்கொண்டு, சுவரில் தொங்கவிட்டிருந்த என் வாழ்த்துரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் விரலை வைத்துப் படித்தார்.

"அன்னிக்குக் காதால கேட்டப்ப நல்லாத்தான் இருந்திச்சி தம்பி. படிச்சிப் பார்த்தா கொஞ்சம் ஜாஸ்தியாத் தெரியுதே?"

"பவர் சரியா இருக்குன்னு அர்த்தம் பாய்" என்றான் என் தோழன்.