தெருத் தண்ணீரைத் திருப்பிய கவுன்சிலர்

என் அக்கா புருஷனைக் கெட்டவர் என்று சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை. ஆனால் அவரைப் பற்றிப் பேச உட்கார்ந்தாலே தலைவலிதான் வருகிறது.

மனிதர் குழாய் வேலைக்காரர். எந்த வீட்டில் குழாய் உடைந்தாலும் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ஓடுவார். அந்த நல்ல பெயரில்தான் எங்கள் வட்டாரம் அவரைக் கவுன்சிலர் ஆக்கியது. அவருக்காக ஓட்டுக் கேட்டுத் தொண்டை கட்டியவர்களில் நானும் ஒருவன்.

முதல் வருஷம் தெருவெல்லாம் தண்ணீர். அடுத்த வருஷம் அவர் வீட்டுக்கு மாடி வந்தது, வாசலுக்குக் கார் வந்தது, தெருவுக்குத் தண்ணீர் மட்டும் வரவில்லை. கேட்டால், "மோட்டார் ரிப்பேரு மாப்ள, நான் என்ன பண்ண?" என்பார். சனங்கள் குடத்தோடு தண்ணீர் லாரிக்குக் காத்து நின்றார்கள். தெருக்கோடி லாட்ஜில் மட்டும் மொட்டைமாடித் தொட்டி வழிந்து சுவரெல்லாம் ஈரம்.

அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "நம்ம வீட்டுக் குழாயில மட்டும் எப்படிங்க வருது?" என்று கேட்டாள்.

"உனக்குத் தண்ணி வேணுமா, பதில் வேணுமா?"

மறுநாள் அவளும் குடத்தை எடுத்துக்கொண்டு லாரிக்கு வந்து நின்றாள். கவுன்சிலர் பெண்டாட்டியே வரிசையில் நிற்பதைப் பார்த்ததும் அதுவரை முணுமுணுத்தவர்கள் வாய்விட்டுப் பேசினார்கள். புகார் மேலே போனது.

விசாரிக்க வந்த பெண் இன்ஜினியர் லாட்ஜுக்கு முன்னால் ரோட்டைத் தோண்டச் சொன்னார். தெருக் குழாயிலிருந்து லாட்ஜுக்குள் திருட்டுத்தனமாக ஒரு கிளைக் குழாய் போனது. மாமா முன்வரிசையில் நின்று, "அடப்பாவிங்களா, யாரு பார்த்த வேலை இது?" என்றார்.

"யாரோ அரைகுறை ஆளு" என்றார் இன்ஜினியர். "பாருங்க, இணைப்புலயே கசியுது."

மாமா அங்கே வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கூட இழுத்தேன்.

"எங்க கசியுது? அது மண்ணோட ஈரம். நான் போட்ட இணைப்பு ஆயுசுக்கும் கசியாது, மேடம்."

தெருவே அவரைத் திரும்பிப் பார்த்தது. என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

பதவி போயிற்று. லாட்ஜ்காரரோடு சேர்த்து வழக்கு. வக்கீலுக்காகக் காரும் போயிற்று. ஜாமீனில் வந்தவரை அக்கா வீட்டுக்குள் விட்டாள். பேச்சு மட்டும் இல்லை. சாப்பாடு ஆறுகிறது என்பதைக்கூட என்னை விட்டுத்தான் சொல்லச் சொல்கிறாள்.

போன வாரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். திருந்திவிட்டார் போல என்று நினைத்துப் போனேன்.

"அடுத்த தேர்தல்ல உங்க அக்காவை நிறுத்தினா என்ன மாப்ள? அந்த லாரி வரிசையில நின்னதுக்கே ஓட்டு குவியும்."

"அதை அக்காகிட்ட கேளுங்க மாமா."

"அவதான் என்கூடப் பேச மாட்டேங்குறாளே. நீ கேட்டுச் சொல்லேன்."