தரையைப் பார்த்தவர்

அப்பாவும் நானும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கிறிஸ்துமஸ் விளக்குச் சரங்களின் இணைப்புகளுக்கு டேப் சுற்றியது. நகரத்தின் பெரிய கடைத்தெருவுக்கு விளக்கு அலங்காரம் செய்யும் எலக்ட்ரீஷியன் அவர். நான் மின் பொறியியல் படித்திருந்தும், நான் சுற்றியதைப் பிரித்து அவரே மறுபடி சுற்றினார்.

விளக்குப் போட்டதும் வருடாவருடம் குடும்பத்தோடு பார்க்கப் போவோம். எல்லோரும் அண்ணாந்து நிற்க, அவர் மட்டும் தரையில் ஓடும் வயரையே பார்ப்பார்.

"ஊரே மேல பாக்குது. நீங்க என்ன, என் கம்மலத் தேடுறீங்களா?" என்பாள் அம்மா.

"புள்ளைங்க கை கீழதானடி இருக்கு."

இந்த வருடம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றிப் புதிதாக இரும்பு வேலி வைத்தார்கள். "அதுக்கு இன்னும் எர்த் குடுக்கல, கரண்டு கசிஞ்சா தொடுறவங்க மேல பாயும். நாளைக்கு மொத வேலை அதான்" என்று சொல்லிப் படுத்த அப்பா எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்ததும் நேராக அங்கே ஓடினேன். மரம் ஜொலித்தது. குழந்தைகள் வேலியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார்கள். மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லிக் காவலாளியிடம் கத்தினேன்.

"கிறிஸ்துமஸ் அதுவுமா இருட்டாக்கச் சொல்றீங்களே!" என்று முனகிக்கொண்டே அணைத்தார்.

குனிந்து பார்த்தேன். வேலியோரம் அப்பா மண்ணில் அடித்த எர்த் கம்பி நின்றது. அதிலிருந்து வேலிக்கு வரவேண்டிய வயர் இல்லை; அவர் நாளைக்கென்று வைத்த அந்த மொத வேலை எனக்காகக் காத்திருந்தது.