சிதம்பரம் போன அட்டெண்டன்ஸ் நோட்டு

ஆறு வருடம் ஒரு கூட்டத்தைச் சிரிக்க வைத்தவனுக்கு, அந்தக் கூட்டத்தின் தலைமைப் பதவி தானாக வந்து மடியில் விழும் என்று நம்பினேன். அதற்காக இரண்டு வெள்ளைச் சட்டைகூட தைத்து வைத்தேன். போன வருடம் மார்கழியில், கடலூர் மஞ்சக்குப்பத்தில் நடந்த கூத்து இது.

அங்கே வயதானவர்களுக்காக ஒரு மையம் நடத்துகிறோம். சம்பளம் யாருக்கும் கிடையாது. காலையில் பேப்பர், கேரம், பிரஷர் பார்ப்பது, சுண்டல். என் ஜெராக்ஸ் கடையை மனைவி தலையில் கட்டிவிட்டு, நான் போய் மைக்கைப் பிடித்துக்கொள்வேன். ஐம்பத்தோரு வயதில் என்னை 'இளைஞன்' என்று சொல்லும் ஒரே இடம் அதுதான்.

செயலாளர், ஓய்வுபெற்ற ஒரு டீச்சரம்மா. தினமும் பத்து மணிக்கு அட்டெண்டன்ஸ் நோட்டைத் திறந்து பெயர் வாசிப்பார். பெரியவர்களோ, வேலை செய்யும் எங்களைப் போன்றவர்களோ, பெயர் வந்ததும் 'இருக்கேன்' என்று உரக்கச் சொல்ல வேண்டும். சத்தம் வராத பெயருக்கு உடனே வீட்டுக்குப் போன் போகும். போனையும் எடுக்காவிட்டால் ஆள் போகும். அந்த நோட்டைச் செயலாளரைத் தவிர வேறு யாரும் தொட்டதில்லை.

மார்கழி பிறந்ததும், சிதம்பரத்தில் மகள் வீட்டோடு போய்விடப் போவதாக டீச்சரம்மா சொன்னார். "அடுத்தது யாருன்னு பொங்கல் கழிச்சு சொல்றேன்" என்றபோது என்னைத்தான் பார்த்தார். எனக்குப் பின்னால் சுவர்க் கடிகாரம் இருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

வில்லன் யார் தெரியுமா? ஆறு மாதத்துக்கு முன் வந்து சேர்ந்த ஒரு பழைய லைன்மேன். பேசவே மாட்டார். இன்று ஜோக் சொன்னால் நாளைக்குச் சிரிப்பார். அந்த மனிதரின் மஞ்சப்பையிலிருந்து ஒரு செவ்வாய்க்கிழமை அட்டெண்டன்ஸ் நோட்டு எட்டிப் பார்த்தது! அவரும் டீச்சரம்மாவும் வாராவாரம் சிதம்பரம் பஸ் ஏறுவதாகச் சுண்டல் செய்யும் அக்கா சொன்னார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர் ரிப்பேர் பார்த்த ஃபேனுக்குக் கீழே உட்கார மாட்டேன் என்று, கொசு பிடுங்கினாலும் மூலையில் போய் உட்கார்ந்தேன். சிதம்பரத்தில் வக்கீலை வைத்துப் பதவியை ரகசியமாக எழுதி வாங்குகிறார் என்று நானே முடிவு கட்டினேன். வீட்டில் இதைச் சொன்னபோது என் மனைவி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "வயித்தெரிச்சலுக்கு மோர் இருக்கு, எடுத்துக் குடிங்க" என்றாள்.

அடுத்த செவ்வாய், பதினொரு மணி பஸ்ஸில் அவர்கள் முன்சீட்டில் உட்கார, நான் கடைசி சீட்டில் பதுங்கினேன். அடையாளம் தெரியக் கூடாதே என்று தலையில் ஹெல்மெட். கண்டக்டர் பஸ் முழுக்கக் கேட்கிற மாதிரி, "யோவ், பஸ்ஸ நாங்க ஓட்டிக்கிறோம். நீ அத கழட்டு" என்றார். குனிந்து கழற்றி, துண்டைச் சுற்றிக்கொண்டேன்.

சிதம்பரத்தில் இறங்கி, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குள் போனார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே சுவரோடு ஒட்டி நின்றேன். வக்கீல் குரலுக்காகக் காதைத் தீட்டினால், கேட்டது லைன்மேன் பெயர் வாசிக்கும் சத்தம்.

எட்டிப் பார்த்தேன். கட்டிலில் எங்கள் கேரம் சாம்பியன். தேவனாம்பட்டினத்துப் பெரியவர். ஒரு பக்கம் கை கால் விழுந்து, மகன் வீட்டுக்கு வந்துவிட்டவர். மையத்தில் வாசிக்காவிட்டாலும், அவர் பெயரை நோட்டிலிருந்து அடிக்காமலேயே வைத்திருந்தார்கள். ஒவ்வொரு பெயராக லைன்மேன் வாசிக்க, டீச்சரம்மா, "இருக்கார்", "இருக்காங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தார். பெரியவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் வந்ததும், கோணிய வாயால் 'இருக்கேன்' என்றார்.

அடுத்து என் பெயர்.

ஆறு வருடப் பழக்கம் சும்மா விடுமா? டீச்சரம்மா வாயைத் திறப்பதற்குள், ஜன்னலுக்கு வெளியே இருந்து நானே "இருக்கேன்!" என்று கத்திவிட்டேன்.

"யார்ரா அது? நம்ம கோமாளியா?" என்று பெரியவர் குழறினார்.

"உள்ள வாங்க. கண்டக்டர் சத்தம் போட்டப்பவே தெரியும்" என்றார் டீச்சரம்மா. லைன்மேன் எனக்கு ஒரு நாற்காலியை நகர்த்திப் போட்டார். அந்த நாற்காலிக்குப் பதில் நாலு அறை விட்டிருக்கலாம்.

கிளம்பும்போது டீச்சரம்மா தணிந்த குரலில் கேட்டார். "மொதல்ல உங்களத்தான கூப்ட்டேன்? செவ்வாக்கெழம சிதம்பரம் போய்ட்டு வரலாமான்னு. என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. "இட்லி கொத்சு வாங்கித் தருவீங்கன்னா வரேன் டீச்சர்" என்று மைக்கிலேயே சொன்னேன். நாற்பது பேரும் சிரித்தார்கள். எதற்குக் கூப்பிடுகிறார் என்று நான் கேட்கவே இல்லை. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் அவர் லைன்மேன் பக்கம் திரும்பிவிட்டார் போலிருக்கிறது.

பொங்கல் கழித்து நோட்டு லைன்மேன் கைக்குப் போனது. நானும் கை தட்டினேன், மற்றவர்கள் நிறுத்திய பிறகு. பொறாமை போய்விட்டதா என்றால், சத்தியமாக இல்லை. அவர் பெயர் வாசிக்கும்போதெல்லாம், 'இதை நான் வாசித்தால் இன்னும் நன்றாக இருக்குமே' என்று இன்றைக்கும் வயிறு எரிகிறது. வெள்ளைச் சட்டையைக் கல்யாணங்களுக்குப் போட்டுத் தீர்த்துக்கொண்டிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமைகளில் நோட்டு அவர் மடியில், நான் பக்கத்து சீட்டில். முதலில் பெரியவர் வீடு, பிறகு டீச்சரம்மாவின் மகள் வீடு. இத்தனை வருடம் எல்லோர் பெயரையும் வாசித்தவர், இப்போது தன் பெயர் வரும்வரை காத்திருந்து 'இருக்கேன்' என்கிறார். லைன்மேன் என் பெயரையும் வாசிக்கிறார். நானும் சொல்கிறேன்.