பிரஸ் கதவில் ஒட்டிய கறுப்பு டேப்

நீங்கள் தினமும் துடைக்கிற மிஷினில் ஒரு கறுப்பு டேப் ஒட்டியிருந்தால், அது எதற்கு என்று என்றைக்காவது கேட்டிருப்பீர்களா? சின்னப்பொண்ணு கேட்கவில்லை. அதற்கான பதில் அவளுக்கு ஜெர்மனியில், ஒரு வார்த்தைகூடப் புரியாத டிவியில் கிடைத்தது.

பென்னலூர்க்காரி. வயல் கைவிட்டுப் போனபின், ஒரகடத்தில் ஒரு உதிரிபாகக் கம்பெனியில் ஒன்பது வருடம் தரையும் மிஷினும் துடைத்தாள். மகன் ராஜசேகருக்கு அங்கேயே, இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டும் பிரஸ் மிஷினில் வேலை. இரண்டு வருடத்துக்கு முன் அந்தப் பிரஸ் இறங்கி, அவன் வலக்கையில் நான்கு விரல்கள் போயின. தொழிலாளியின் கவனக்குறைவு என்று ஒரு தாள் வந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் அதை நீட்டியவர் கம்பெனி இன்ஜினீயர் சங்கரநாராயணன். மகள் ஜோதிக்கு நிச்சயமாகியிருந்த திருநெல்வேலி மாப்பிள்ளை. ராஜசேகர் மை தடவிய இடது பெருவிரலை அதில் உருட்டினான். சாட்சிக் கையெழுத்து அம்மா போட்டாள்.

அப்புறம் வல்லக்கோட்டை முருகன் கோவிலில் மொட்டை அடித்தாள். ஜோசியர் சனியின் பார்வை என்றார், பரிகாரம் செய்தாள். எங்கோ வானத்தில் கிடக்கிற கிரகத்தின் மேல் பழி போட எத்தனை பேர் வந்தார்கள்! மிஷினைப் போய்ப் பார்க்க ஒருவர் வரவில்லை. சனி மேல் போட்டதில் மிச்சத்தை அவள் மகன் மேல் போட்டாள். இடக்கையால் தின்கையில் சோறு சிந்தும்போதெல்லாம், "கொஞ்சம் பாத்து வேல செஞ்சிருந்தா இப்டி சிந்திகினு இருப்பியா?" என்பாள். அவன் சிந்தியதைப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொள்வான்.

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளைக்கு ஜெர்மனியில் வேலை கிடைத்து, ஜோதியும் கூடப் போனாள். அவளுக்குக் குழந்தை பிறந்ததும் சின்னப்பொண்ணை அங்கே வரவழைத்தார்கள். பேத்தி தூங்கும் நேரமெல்லாம் டிவிதான்.

"ஒண்ணும் புரியாம எப்பிடிம்மா பாக்குற?"

"இன்னாடி புரியணும்? அந்த மஞ்ச முடிக்காரி மாமியா. மருமவளத் தொரத்தப் பாக்குறா. மூஞ்சியிலயே எழுதி கீதே."

ஜோதி சிரித்துக்கொண்டே சேனலை மாற்றினாள். பிள்ளைகளுக்கான ஏதோ நிகழ்ச்சி. கோமாளித் தொப்பி போட்ட ஒருவன் பிரஸ் மிஷின் முன் நின்றான். ஒரகடத்தில் அவள் துடைத்த மிஷினின் அதே பச்சை, அதே கண்ணாடிக் கதவு. ஒரு வெள்ளரிக்காயை உள்ளே வைத்து, கதவைச் சாத்தினான். பிரஸ் இறங்கியது, வெள்ளரிக்காய் கூழானது. இன்னொன்றை வைத்தான். பிரஸ் இறங்கும்போதே கதவைத் திறந்தான். பிரஸ் பாதியில் அப்படியே நின்றது. முழுசாக இருந்த வெள்ளரிக்காயை எடுத்துக் கடித்தான். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

சின்னப்பொண்ணு எழுந்துவிட்டாள்.

அவள் துடைத்த மிஷினின் கதவு எப்போதும் திறந்தே கிடக்கும். கதவுச் சட்டத்தில் கறுப்பு டேப். அதற்குள் சின்னக் காந்தம். ஒருநாள் அழுக்கு என்று நினைத்துப் பிய்த்தாள். லைனே நின்றுபோனது. "பீஸ் கொறைஞ்சா உன் அப்பனா குடுப்பான்?" என்று சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும் கத்தினான். பதறிப்போய்த் தானே காந்தத்தை வைத்து, தானே டேப்பை ஒட்டி, முந்தானையால் அழுத்தித் தேய்த்தாள். மூன்றாம் மாதம் அதே மிஷினில்தான் ராஜசேகரின் விரல்கள் போயின.

"மாப்ள, கதவு தொறந்தா மிஷின் நிக்குமா?"

பக்கத்து சோபாவில் இருந்த சங்கரநாராயணன் போனிலிருந்து தலை தூக்கவில்லை. "நிக்கும் அத்தை."

"நம்ப மிஷினும்?"

"எல்லா மிஷினும் அப்படித்தாம். காந்தத்த வச்சா, கதவு சாத்தியிருக்குன்னு மிஷின் நெனச்சுக்கிடும். சாத்தித் தொறக்குத நேரம் மிச்சம்லா."

"தெரிஞ்சேதான் அந்தத் தாளக் குடுத்தீங்களா?"

"நாங் குடுக்கலன்னா இன்னொருத்தன் குடுத்திருப்பான். எனக்கு வேல போயிருக்கும். கல்யாணம் நின்னிருக்கும். இப்பம் போயி அதக் கெளறுதீயளே?"

ஜோதி டிவியை அணைத்தாள். சின்னப்பொண்ணு மகனுக்குப் போன் போட்டாள்.

"டேய், உன் மேல தப்பு இல்லடா. அந்தக் கதவுல..."

"தெரியும்மா."

"எப்போலேர்ந்து?"

"கை போறதுக்கு முன்னாடியே. டேப்ப எடுத்தா டார்கெட் வராது. எடுத்தவன வெளிய அனுப்பிடுவாங்க."

"அத ஒட்டுனது..."

"நீ ஒட்டுனதப் பாத்துகினுதான் இருந்தேன். சொன்னா உன் வேலயும் போயிடும், ஜோதி கல்யாணமும் நின்னுடும். அதான் நீ திட்டுனா திட்டிக்கட்டும்னு விட்டுட்டேன். பாப்பா தூங்கிடிச்சா?"



அந்த மிஷினில் இன்று வேறொருவன் நிற்கிறான். கதவு திறந்தே கிடக்கிறது. இதைப் படிக்கிற நீங்கள் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் எந்த லைனில் நின்றாலும், எந்தத் தரையைத் துடைத்தாலும், நாளை ஷிப்டுக்குப் போனதும் உங்கள் மிஷினின் கதவுச் சட்டத்தைப் பாருங்கள். டேப் இருந்தால், பக்கத்தில் நிற்பவர்களையும் கூப்பிட்டுக் காட்டி, எல்லாருமாகப் பிய்த்தெறியுங்கள். எவன் கத்தினாலும் திரும்ப ஒட்டாதீர்கள்.