இரட்டைப் பூட்டு ஒயின்

முப்பத்தோரு வருஷம் கலால் உத்தியோகம் பார்த்தேன். மதுவின் வீரியத்தைக் கருவியில் அளந்து அரைப் புள்ளி பிசகாமல் சொல்வேன். ருசி எப்படி என்று கேட்டால் தெரியாது. ஒரு சொட்டும் தொட்டதில்லை. பெங்களூர் மல்லேஸ்வரத்துச் சொந்தக்காரர்கள் என் வேலையை 'கவர்ன்மெண்ட்' என்ற ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்வார்கள்.

ஒருமுறை தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் போஸ்டிங். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கும் தமிழ்க் குடும்பத்தின் தோட்டம் அது. கணவர் ஒயின் செய்வார். மற்ற எல்லாவற்றையும் மனைவி செய்வார். பாட்டில்கள் இருந்த கல் அறைக்கு அந்தக் காலத்தில் இரண்டு பூட்டு: ஒரு சாவி முதலாளியிடம், ஒன்று அதிகாரியிடம். இருவரும் சேர்ந்து வந்தால்தான் கதவு திறக்கும். மூன்று வருஷம் தினமும் காலையில் அவரும் நானும் பக்கத்தில் பக்கத்தில் நின்று சாவி திருகினோம். என் மனைவியோடுகூட அவ்வளவு ஒழுங்காக எந்தக் காரியத்தையும் சேர்ந்து செய்ததில்லை.

மாற்றல் வந்த மாதம், சிவப்பு ஒயின் ஒரு தொகுதி வெளியே போகவிருந்தது. ஷிராஸ் திராட்சை, அவர் தன் கையால் நட்ட பழைய கொடிகளில் காய்த்தது. லேபிளில் அச்சிட்ட வீரியமும் எங்கள் ஒப்புதலில் இருந்த வீரியமும் அரைப் புள்ளி வித்தியாசப்பட்டன. 'மேலும் உத்தரவு வரும் வரை நிறுத்தி வைக்கவும்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, கல் அறைக்குள்ளேயே தனித் தடுப்பில் வைத்துப் பூட்டிவிட்டுக் கிளம்பினேன். அவர் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. ஒரு அதிகாரி நிறுத்தியதை அடுத்த அதிகாரி விடுவிக்க மாட்டார். தன் கையெழுத்தின் மேல் அவ்வளவு பயம் இருக்கும். அப்படிப் பதினான்கு வருஷம் போனது. நடுவில் முதலாளியும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இந்த வருஷம் அறுவடை முடிந்த கையோடு அவர் மனைவி, அந்த அம்மாள், எங்கள் வீட்டுக்கு வந்தார். மடியில் பழைய ஃபைல்.

"சார், நீங்க போட்ட பூட்டு இன்னும் அப்படியேதான் கிடக்குது."

"யாரும் திறக்கலையா?"

"நீங்க எழுதினதைப் படிச்சுட்டுத் திறக்கறதுக்கு யாருக்கு தைரியம்?"

விஷயம் பூட்டு மட்டுமல்ல. தோட்டத்தை இப்போது மகள் நடத்துகிறாள். பழைய கொடிகள் காய்ப்பது குறைவு என்று அந்த இரண்டு ஏக்கரையும் பிடுங்கப்போகிறாள். ஜேசிபிக்குச் சொல்லியாகிவிட்டது. கெஞ்சிக் கேட்டதில் மகள் ஒன்றுக்கு மட்டும் ஒப்புக்கொண்டிருக்கிறாள்: அப்பாவின் அந்த ஒயினைத் திறந்து பார்க்கலாம், நன்றாக இருந்தால் கொடிகள் இருக்கட்டும்.

"நல்லா இல்லேன்னா?" என்று என் மனைவி காபியோடு வந்து கேட்டாள்.

"பிடுங்கட்டும்மா. வினிகருக்காகவா சண்டை போடுவேன்?"

நான் கையெழுத்திட்ட எல்லா உத்தரவுக்கும் நகல் வைத்திருப்பவன். எடுத்து வந்து அவருடைய ஃபைலோடு ஒப்பிட்டேன். இரண்டு நிமிஷத்தில் என் காபி ஆறிவிட்டது. அன்று நான் ஒப்பிட்டது முந்தைய வருஷத்து ஒப்புதலோடு. புதிய ஒப்புதலில் லேபிளில் இருந்த அதே எண்தான் இருந்தது. பிழை அவர்களுடையதல்ல.

சொன்னேன். அம்மாள் காபியை நிதானமாகக் குடித்து முடித்தார்.

"அவருக்கு அன்னைக்கே தெரியும் சார்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலை?"

"'என் கையில சாவி இருந்தா ஒயினை ஒரு வருஷம் தூங்க விடமாட்டேன், வித்துடுவேன். சார் பூட்டினா பூட்டினதுதான், இருக்கட்டும் விடு'ன்னார். உங்ககிட்ட சொல்லவும் கூடாதுன்னுட்டார்."

புதிய அதிகாரி, என் மகள் வயதுப் பெண், என் எழுத்துமூல விளக்கம் வேண்டும் என்றார். நானாக இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். 'தவறு நிகழ்ந்துள்ளது' என்று முதலில் எழுதினேன். பணியில் இருந்தவரை எங்களுக்குத் தவறுகள் மழை மாதிரி தாமாகவே நிகழும். அதை அடித்துவிட்டு 'நான் தவறு செய்தேன்' என்று எழுதினேன். மூன்றாம் நாள் விடுவிப்பு வந்தது.

கல் அறையில் முதல் பாட்டிலின் கார்க் பொடியாக உதிர்ந்தது. உள்ளே புளித்த வாடை. மகள் அம்மாவைப் பார்த்தாள். அம்மாள் அடுத்த பாட்டிலை எடுத்தார். இதில் கார்க் முழுதாக வந்தது. கீழே படிந்த வண்டல் கலங்காமல், பாட்டில் கழுத்துக்கு அடியில் மகள் செல்போன் வெளிச்சம் காட்ட, அம்மாள் மெல்லக் கண்ணாடி ஜக்கில் சரித்தார். நிறம் ஓரத்தில் செங்கல் மாதிரி பழுத்திருந்தது.

மகள் ஒரு வாய் குடித்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு வாய்.

"அங்கிள், நீங்களும் குடிங்க. இதுல பாதி உங்க வேலைதானே?"

ரிட்டயர் ஆனவனுக்கு நடத்தை விதி இல்லை. குடித்தேன். முதலில் துவர்ப்பு. பிறகு காய்ந்த நாவல்பழம், மிளகு, மழை பட்ட மண். விழுங்கிய பிறகும் போகாமல் நின்றது. இவ்வளவு காலம் இதைத்தான் வெறும் எண்ணாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன்.

மகள் வெளியே போய் ஜேசிபிக்காரருக்குப் போன் போட்டு, "ஆ கடே பேடா" என்று கன்னடத்தில் சொன்னாள். அந்தப் பக்கம் வேண்டாம் என்று. அம்மாள் கண்ணைத் துடைக்காமல் ஜக்கைத் துடைத்தார்.

திரும்பி வந்தவள் கதவைத் தட்டிப் பார்த்தாள். "இந்த வருஷத்து ஒயினையும் இங்கேயே வைக்கறேன். பழைய மாதிரி ரெண்டு பூட்டு. ஒரு சாவி உங்ககிட்ட இருக்கட்டும் அங்கிள். நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

"எது வரைக்கும்மா?"

பதிலை அம்மாள் சொன்னார். "மேலும் உத்தரவு வர்ற வரைக்கும்."

சாவி எங்கள் சமையலறை ஆணியில், காலண்டருக்குப் பக்கத்தில் தொங்குகிறது. வீட்டுக்கு வருகிறவர்கள் ஸ்கூட்டர் சாவி என்று நினைத்துக்கொள்கிறார்கள். போன வாரம் அம்மாளின் மகள் போன் செய்தாள். ஒரு ஹோட்டல்காரர் புது ஒயினை மொத்தமாகக் கேட்கிறாராம், நல்ல விலையாம், ஒரே ஒரு தடவை திறக்கலாமா என்றாள்.

"ரைட்டிங்ல குடும்மா, பரிசீலிக்கிறேன்" என்றேன்.

சிரித்துவிட்டு வைத்துவிட்டாள். விண்ணப்பம் இன்னும் வரவில்லை.